வீட்டுத் தோட்டத்துக்குத் தேனீக்களை வரவழைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடி நன்றாக வளர்கிறது, பூவும் பூக்கிறது, ஆனால் பிஞ்சு நிற்கவில்லை. தேனீயைக் கண்ணிலேயே காணோம். வீட்டில் தோட்டம் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை இது. அதையொட்டி எழும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான்: தேனீ இரை தேடி வருகிறது. வருஷம் முழுக்க, விஷம் கலக்காமல், நாக்குக்கு எட்டும்படி இரை கிடைக்கிற இடத்தை அது விடாது.

என் தோட்டம் இங்கே இருப்பது தேனீக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு கூட்டிலும் சில தேனீக்கள் இடம் தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்டு சுற்றும். முதலில் நிறம் கண்ணில் படும், பக்கத்தில் வந்ததும் வாசனை இழுக்கும். நல்ல இடம் கிடைத்துவிட்டால் அந்தத் தேனீ கூட்டுக்குத் திரும்பி, தேனடையின் மேல் ஆடிக் காட்டும். கூடு உள்ளே இருட்டாக இருந்தாலும் மற்ற தேனீக்கள் அந்த ஆட்டத்தைத் தொட்டும் அதிர்வை உணர்ந்தும் புரிந்துகொள்கின்றன. உடலை ஆட்டிக்கொண்டு நேர்க்கோட்டில் ஓடும் திசை, சூரியனுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்கிறது. அப்படி ஓடும் நேரம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தூரம். இந்த ஆட்டத்தின் பொருளை ஆராய்ந்து சொன்னவர் கார்ல் வான் ஃபிரிஷ். 1973-இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் அவர் ஒருவர்.

இதில் தோட்டக்காரருக்கு ஒரு சேதி இருக்கிறது. கிடைத்த இரை எவ்வளவு நல்லதோ அவ்வளவு மும்முரமாகத் தேனீ ஆடும். இங்கே ஒரு பூ, அங்கே ஒரு பூ என்று இருந்தால் ஆடிச் சொல்ல அதற்கு ஒன்றும் இல்லை. ஒரு பாத்தி முழுக்கப் பூத்துக் கிடந்தால் பின்னாலேயே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

பக்கத்தில் தேன்கூடே இல்லை. அப்படியும் வருமா?

வரும். பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீ இரைக்காக 3 கிலோமீட்டர் தூரம் சர்வசாதாரணமாகப் போய்வரும், தேவைப்பட்டால் அதற்கு மேலும் போகும். பொந்துத் தேனீ அவ்வளவு தூரம் போகாது என்றாலும் சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் தூரம் அதற்குப் பெரிய விஷயமில்லை. அந்த வட்டத்துக்குள் எங்கோ ஒரு மரப்பொந்திலோ சுவர் இடுக்கிலோ கூடு இருக்கத்தான் செய்யும், நம் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

எந்த நிறப் பூக்கள் தேனீக்குப் பிடிக்கும்?

நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் தேனீக்குத் தெரியும். நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் பல பூக்களின் நடுவில் அதற்கு வேறு நிறத்தில் ஒரு வட்டமோ கோடுகளோ தெரியும். தேன் இருக்கும் இடத்துக்கு அவை வழி காட்டும். சிவப்பு மட்டும் அதற்குக் கிட்டத்தட்ட கறுப்பு மாதிரிதான். ஆனால் நிறத்தைப் பார்த்தே செடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உள்ளே தேனும் மகரந்தமும் இல்லையென்றால் எந்த நிறமும் அதை இரண்டாம் தடவை வரவைக்காது.

சரி, என்ன செடிதான் வைப்பது?

ஒரே ஒரு செடிதான் வைக்க இடம் இருக்கிறது என்றால் துளசி வையுங்கள், கதிர் விட விடுங்கள். பலர் துளசியில் கதிர் வந்ததுமே கிள்ளிவிடுகிறார்கள். இலை நிறைய வருவதற்கு அது சரியான வழிதான். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு ஊதாப் பூக்களில்தான் தேனீக்கு விருந்தே இருக்கிறது. இரண்டு மூன்று செடி இருந்தால் மாற்றி மாற்றிக் கிள்ளலாம்: ஒன்றைக் கிள்ளும்போது மற்றது பூத்திருக்கட்டும். திருநீற்றுப்பச்சிலை, புதினா, ரோஸ்மேரி, லாவெண்டர் எல்லாம் இதே குடும்பம்தான். ஒன்றுமே தேனீக்கு வேண்டாததில்லை.

அடுத்தது கொத்தமல்லி. இலைக்காகப் போட்ட பாத்தியில் ஒரு கைப்பிடிச் செடியை மட்டும் பறிக்காமல் விட்டால் வெள்ளைக் குடையாகப் பூத்து நிற்கும். தேன் மேலாகவே இருப்பதால் நாக்கு குட்டையான தேனீயும் குடிக்கலாம். கடுகு, எள், வெந்தயம், முள்ளங்கி, இவற்றையும் கொஞ்சம் பூக்க விடலாம். இதற்கு நீங்கள் புதிதாக ஒன்றுமே வாங்க வேண்டியதில்லை, அறுவடையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும். தேனீக்காக நான் எப்போதும் சொல்லும் யோசனை இதுதான்.

அழகுச் செடிகளில் சூரியகாந்தி, காஸ்மோஸ், பத்துமணிப் பூ. பத்துமணிப் பூவில் தேனீ மகரந்தத்துக்காகப் புரளுவதைக் காலையில் பார்க்கலாம். கொடிரோஜா எனப்படும் ஆன்டிகோனன் கொடியில் (இது ரோஜா இனமல்ல) தேனீ மொய்க்கும். ஆனால் அது கட்டுக்கடங்காமல் பரவும் கொடி, வெட்டி அடக்கிவைக்க நேரம் இருப்பவர்கள் மட்டும் வையுங்கள். மரம் வைக்க இடம் உள்ளவர்களுக்கு முருங்கை, எலுமிச்சை, நாவல், இலந்தை, புங்கன். ஒரு மரம் பூக்கும்போது தரும் இரையைப் பத்துப் பாத்தி சேர்ந்தாலும் தர முடியாது. தென்னை இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர், மாதம் ஒரு பாளையாவது விரிந்துகொண்டே இருக்கும், மகரந்தத்துக்குப் பஞ்சமே வராது.

அப்புறம் களைகள். தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் பார்த்ததும் பிடுங்கிவிடாமல் வேலி ஓரத்தில் கொஞ்சம் விட்டுவையுங்கள். பெரிய செடிகள் ஒன்றும் பூக்காத நாட்களில் தேனீ அவற்றைத்தான் தேடிப் போகும்.

தோட்டம் முழுக்கப் பூ இருக்கிறது, ஆனாலும் வருவதில்லையே?

எந்தப் பூ என்று பாருங்கள். காகிதப்பூவில் நாம் பார்க்கும் நிறமெல்லாம் பூவைச் சுற்றியிருக்கும் இலைகள்தான். உண்மையான பூ நடுவில் குட்டியாக இருக்கும் வெள்ளைக் குழல். இட்லிப்பூவின் குழல் நீளம், தேன் அடியில் இருக்கும், அது வண்ணத்துப்பூச்சிக்கான பூ. மல்லிகை பொழுது சாய்ந்து மணப்பது இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்காக. இத்தாலியத் தேனீயின் நாக்கு சுமார் 6 மில்லிமீட்டர், பொந்துத் தேனீயுடையது இன்னும் குட்டை. அதற்கு எட்டாத தேன் இருந்தும் பயனில்லை.

இதைவிடப் பெரிய காரணம் அடுக்குப் பூக்கள். இதழ் மேல் இதழாக வரும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த ரோஜா, செம்பருத்தி வகைகளில் பெரும்பாலும் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருக்கும்; சாமந்தியில் நடுவிலுள்ள மகரந்தம் தரும் குட்டிப் பூக்கள் இதழ் போன்ற பூக்களாக மாறியிருக்கும். மகரந்தம் குறைந்துபோகும், மிச்சம் இருக்கும் தேனுக்கும் இதழ்கள் வழிவிடாது. அதே செடியில் ஒற்றை அடுக்கு வகை கிடைத்தால் அதை வையுங்கள். பூவைப் பார்த்ததும் நடுவில் மஞ்சள் பொடி கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அது தேனீக்கும் ஆகும்.

எல்லா வகையிலும் ஒவ்வொன்று வைத்தால் போதாதா?

போதாது. தேனீ ஒரு தடவை கூட்டைவிட்டுக் கிளம்பினால் அந்தப் பயணம் முழுக்கப் பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்குத்தான் போகும். துளசியில் தொடங்கினால் துளசி துளசியாகத் தாவும், பக்கத்தில் கொத்தமல்லி பூத்திருந்தாலும் திரும்பிப் பார்க்காது. ஒரு பூவைத் திறக்கும் வித்தை பழகிவிட்டால் அதையே தொடர்வது அதற்கு லாபம். பூவுக்கும் லாபம், தன் இனத்து மகரந்தமே வந்து சேரும். அதனால் பத்து வகையில் ஒவ்வொன்று வைப்பதற்குப் பதில், நான்கைந்து வகைகளைக் கும்பல் கும்பலாக வையுங்கள். ஒவ்வொரு கும்பலும் ஒரு மீட்டர் அகலமாவது இருந்தால் நல்லது. வெயில் படும் இடமாகவும் பார்த்து வையுங்கள்; நிழலில் இருக்கும் பூவுக்குத் தேனீ வருவது குறைவு.

ஒரு மாதம் வந்தன, அப்புறம் காணோம். என்ன ஆயிற்று?

பூ தீர்ந்திருக்கும். வருஷத்தின் பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் தோட்டத்தில் அப்போது எது பூக்கிறது என்று குறித்துப் பாருங்கள். காலியாக இருக்கும் மாதங்கள்தான் உங்கள் வேலை. விதைப்பில் ஏற்படும் இடைவெளியை இரண்டு வாரத்துக்கு ஒரு பிடி விதை தூவிச் சரிசெய்யலாம்.

மழை, பலத்த காற்று, குளிர் இவற்றிலும் தேனீ வெளியே வராது. இத்தாலியத் தேனீ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பறப்பது அரிது. அந்த நாட்களை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

தண்ணீர் வைக்க வேண்டுமா?

கட்டாயம் வையுங்கள். குஞ்சுப் புழுக்கள் வளரும் அடையைத் தேனீக்கள் 34 முதல் 35 டிகிரி வெப்பத்திலேயே வைத்திருக்கும். வெயில் ஏறினால் தண்ணீரைக் கொண்டுவந்து அடை மேல் தடவி, இறக்கையால் விசிறி ஆறவைக்கும். குடிக்கவும், கெட்டியான தேனை நீர்த்துப் புழுவுக்கு ஊட்டவும் கூடத் தண்ணீர் வேண்டும்.

ஆழமான பாத்திரம் ஆகாது, விழுந்து செத்துவிடும். மண் தட்டில் கூழாங்கல்லையோ ஓட்டுச் சில்லையோ பரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும்படி தண்ணீர் ஊற்றுங்கள். தேனீ கல் மேல் உட்கார்ந்து, ஈர விளிம்பில் நாக்கை நீட்டி உறிஞ்சும். சுத்தமான தண்ணீரைவிடப் பாசி படிந்த தொட்டி விளிம்பையும் ஈரமண்ணையும் அது விரும்புவதைப் பார்க்கலாம். அதில் கரைந்திருக்கும் உப்புகளும் அதற்குத் தேவை. அதற்காகத் தட்டை அப்படியே போட்டுவிடாதீர்கள், கொசு முட்டையிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழகிய இடத்துக்கே அது திரும்பத் திரும்ப வரும் என்பதால் நடுவில் காயவிடக் கூடாது.

சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைத்தால் சீக்கிரம் வராதா?

வரும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். திறந்த பாத்திரத்தில் இனிப்பு வைத்தால் பல கூட்டுத் தேனீக்களும் குளவியும் எறும்பும் சேர்ந்து மொய்த்து அடித்துக்கொள்ளும், நோயும் பரவும். வெளியில் வாங்கிய தேன் இன்னும் ஆபத்து. தேனீப் புழுக்களை அழுகவைக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அதில் இருக்கலாம். மனிதர்களின் வயிற்றில் அவை ஒன்றும் செய்யாது, தேன்கூட்டுக்குள் போனால் கூடே அழியும். மேலும், தட்டில் நிற்கும் தேனீ உங்கள் பூவுக்கு எதற்கு வரப்போகிறது?

பூச்சிமருந்து அடிக்காமல் சமாளிக்க முடியுமா? வேப்பெண்ணெய் பரவாயில்லையா?

தேனீ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் ரசாயனப் பூச்சிக்கொல்லியை நிறுத்துவதுதான் முதல் வேலை. செடி வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். விஷம் அடித்த பூவுக்குத் தேனீயைக் கூப்பிடுவதைவிட, கூப்பிடாமலே இருப்பது மேல்.

இமிடாக்ளோபிரிட், தயாமீத்தாக்சாம், குளோத்தியானிடின் போன்றவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். இவை செடியின் சாற்றில் கலந்து உடம்பெல்லாம் பரவும் மருந்துகள். வேரில் போட்டாலும் பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். கொஞ்சமாக உண்ட தேனீ உடனே சாகாது. வழி மறந்து கூடு திரும்ப முடியாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் இந்த மூன்றையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த 2018-இல் தடை விதித்தது. தூள் மருந்துகளும் மோசம்: மகரந்தம் ஒட்டுவது போலவே உடல் மயிரில் ஒட்டிக் கூட்டுக்குள் போய்விடும். நர்சரியில் செடி வாங்கும்போது என்ன மருந்து போட்டார்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் விதையிலிருந்து வளர்ப்பதே நிம்மதி.

அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே விரட்டலாம். மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைக்கலாம், அதிகமான கிளையை வெட்டிவிடலாம். பொறிவண்டு தென்பட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். வேப்பெண்ணெய்க் கரைசலோ சோப்புக் கரைசலோ அடித்தே ஆக வேண்டுமென்றால், பொழுது சாய்ந்து தேனீக்கள் போன பிறகு, பூவில் படாமல் இலையின் அடிப்பக்கமாக அடியுங்கள். இவை ஈரமாக மேலே பட்டால் தேனீக்கும் கெடுதல்தான். இயற்கை மருந்து என்பதால் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

தேனீ வந்தால் என் காய்கறிகளுக்கு உண்மையிலேயே பலன் உண்டா?

காயைப் பொறுத்தது. பூசணி, வெள்ளரி, பாகல், தர்பூசணி இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. யாராவது மகரந்தத்தைச் சுமந்துபோனால்தான் காய். விடியும் நேரத்தில் பூசணிப் பூ விரியும், உச்சிப்பொழுதுக்குள் சுருங்கிவிடும். காலை ஏழு மணிக்கு ஓர் ஆண் பூவுக்குள் எட்டிப் பாருங்கள். தேனீ தலைகீழாக அடிவரை இறங்கித் தேன் குடிக்கும், முதுகெல்லாம் மஞ்சள் அப்பிக்கொண்டு வெளியே வரும். பறந்தபடியே கால்களால் முகத்தையும் உடம்பையும் வழித்து, தேனில் குழைத்து, பின்காலின் பள்ளத்தில் உருண்டையாக ஒட்டவைக்கும். அப்படி வழித்த பிறகும் மயிரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சப் பொடிதான் அடுத்த பெண் பூவில் போய்ச் சேருகிறது. ஒரு தடவை வந்து போனால் போதாது. பல தடவை வந்து போனால்தான் விதைகள் முழுக்கப் பிடித்துக் காய் சீராகப் பெருக்கும். வெள்ளரி ஒரு பக்கம் சூம்பி வளைந்து போவதற்கும், பாகல் பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிர்வதற்கும் மகரந்தம் போதாததும் ஒரு காரணம்.

பீர்க்கனும் சுரையும் சாயங்காலம் பூக்கும். அந்நேரம் தேனீ வீட்டுக்குக் கிளம்பியிருக்கும், அந்துப்பூச்சிகள்தான் கைகொடுக்க வேண்டும். காய் பிடிக்கவில்லையென்றால் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் நீங்களே தொட்டுவிடுங்கள்.

தக்காளிக்கும் கத்தரிக்கும் தேனீயை நம்பிப் பயனில்லை. அவற்றின் மகரந்தம், நுனியில் துளையுள்ள பைக்குள் அடைத்திருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைத்தால்தான் கொட்டும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் அதைச் செய்யும், தேன் சேர்க்கும் தேனீக்களுக்கு அது வராது. காற்றில் ஆடினாலும் ஓரளவு காய்க்கும். பூக்கிளையை விரலால் லேசாகச் சுண்டிவிட்டாலும் போதும்.

வருவது தேனீதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்காலில் மகரந்த உருண்டை, உடம்பில் மயிர், நான்கு இறக்கை. வழுவழுவென்று, இடுப்பு ஒடிந்த மாதிரி இருந்தால் குளவி. அந்தரத்தில் அசையாமல் நின்று சட்டென்று விலகினால் தேனீ வேஷம் போட்ட மலர் ஈ. அதற்கு இறக்கை இரண்டுதான், கொட்டாது. எறும்பு அளவில் கறுப்பாக வந்தால் கொசுத்தேனீயாக இருக்கலாம். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் உள்ளன, பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் மண்ணிலும் தண்டுக்குள்ளும் தனியாகக் கூடு கட்டுபவை. அவற்றுக்காக ஒரு மூலையில் மண்ணைக் கொத்தாமல், மூடாமல் விட்டுவையுங்கள்.

மாடியிலோ பால்கனியிலோ நாலு தொட்டிதான் இருக்கிறது. வருமா?

வரும். நாலிலும் ஒரே பூவை வையுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடு. கொட்டிவிடாதா?

பூவில் வேலை பார்க்கும் தேனீ, கையால் பிடித்தாலோ மிதித்தாலோ ஒழிய அநேகமாகக் கொட்டாது. கொட்டினால் கொடுக்கு நம் தோலில் மாட்டிக்கொள்ள அது செத்துப்போகும். தேனீக்கள் ஆவேசமாவது கூட்டைக் காக்கும்போதுதான். பூச்செடி இருக்கும் இடத்தில் செருப்புப் போட்டு நடக்கவும், தட்டிவிடாமல் விலகி நிற்கவும் குழந்தைகளுக்குப் பழக்கினால் போதும்.

கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். அதிலுள்ள விஷப்பை பிரிந்த பிறகும் விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும், அதனால் நகத்தால் வழிப்பதா பிடுங்குவதா என்று யோசிப்பதைவிட வேகம்தான் முக்கியம். கழுவி ஐஸ் ஒற்றடம் கொடுங்கள். மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் யாருக்காவது முன்பே அப்படி ஆகியிருந்தால், பூச்செடிகளை வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

திடீரென்று ஒரு கிளையில் தேனீக்கள் கொத்தாகத் தொங்குகின்றன. என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். கூடு பிரிந்து ராணியோடு கிளம்பிய கூட்டம் அது, புது இடம் தேடப் போனவர்கள் திரும்பும்வரை இளைப்பாறுகிறது. காக்கக் கூடு எதுவும் இல்லாததால் சாதுவாகவே இருக்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ போய்விடும். தீ வைப்பது, மருந்து அடிப்பது, கல் எறிவது எதுவும் வேண்டாம். போகாமல் அடை கட்டத் தொடங்கினால் தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள். புதருக்குள் உள்ளங்கை அளவில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். மலைத்தேனீயின் பெரிய அடை என்றால் மட்டும் யாரையும் கிட்டப் போக விடாதீர்கள்.

தேன்பெட்டி வாங்கி வைத்துவிடலாமா?

பயிற்சி எடுத்துக்கொண்டு, நோயும் எதிரியும் பார்க்கத் தெரிந்த பிறகு வைக்கலாம். பெட்டி வைப்பது கால்நடை வளர்ப்பது போன்ற முழுப்பொறுப்பு. தோட்டத்துப் பூவுக்குத் தேனீ வேண்டும் என்பதற்காக மட்டும் அது தேவையில்லை. சுற்றிலும் பூ குறைவாக உள்ள இடத்தில் பெட்டிகள் கூடினால், அங்கே ஏற்கெனவே இருக்கும் காட்டுத் தேனீக்களின் வயிற்றில்தான் அடி விழும்.

இரவில் விளக்கைச் சுற்றித் தேனீக்கள் வந்து விழுகின்றனவே?

பெரும்பாலும் மலைத்தேனீயாக இருக்கும். நிலா வெளிச்சத்திலும் இரை தேடும் இனம் அது, பளிச்சென்ற விளக்கைக் கண்டு குழம்பி வந்து சுற்றும். வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மங்கலான மஞ்சள் விளக்காக மாற்றி, வெளிச்சம் தரையைப் பார்த்து விழும்படி மறைப்புப் போடுங்கள். ஜன்னலுக்குத் திரை போட்டாலும் குறையும். விழுந்து கிடப்பவற்றைத் துடைப்பத்தால் ஓரமாக ஒதுக்குங்கள், உயிர் உள்ளவை விடிந்ததும் பறந்துவிடும். வெறுங்காலோடு அந்தப் பக்கம் போகாதீர்கள், செத்த தேனீயின் கொடுக்கும் குத்தும்.